தம்பிக்காகச் சேர்த்த ஐஸ்

தம்பி இறந்ததும் என்ன செய்ய வேண்டும் என்பதை அவன் உயிரோடு இருக்கும்போதே நாங்கள் பழகிக்கொண்டோம். ஹந்தானை ஏற்றத்தில் இருக்கும் எங்கள் வீட்டு முன்னறையில் கதிரைகளை ஒதுக்கிவிட்டு, என் கணவர் பிணமாகப் படுத்துக்கொள்வார். நான் அவர் நெஞ்சில் கைவைத்து அழுத்துவதுபோல் செய்வேன். பிறகு பெட்ஷீட்டோடு அவரை இழுத்து, நீளவாக்கில் அறுத்த பிளாஸ்டிக் தண்ணீர்த் தாங்கிக்குள் உருட்டிவிட வேண்டும். அவர் கனத்த மனிதர். முதல் தடவை பாதியிலேயே கைநழுவி, அவர் தலை தரையில் இடித்தது. தம்பி சக்கர நாற்காலியில் இருந்து சத்தமில்லாமல் சிரித்தான். சிரிப்பு அடங்கியதும் ஒற்றை விரலால் போனில் தட்டிக் காட்டினான்: "ரொம்ப மெதுவா இருக்கு. திரும்பச் செய்யுங்க."

அவனுக்கு வந்தது உடம்பின் தசைகளை ஒவ்வொன்றாகச் செயலிழக்க வைக்கும் நரம்பு நோய். வெளிநாட்டில் கணினி வேலையில் இருந்தவன், சட்டைப் பொத்தான் போட முடியவில்லை என்று ஒரு நாள் போனில் சொன்னான். அடுத்த வருடம் கைத்தடியோடு வந்து இறங்கினான். அம்மாவும் அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவனுக்கு இருந்தது நான்தான். கை, கால், நாக்கு எல்லாம் போகும், மூளைக்கு மட்டும் ஒன்றும் ஆகாது என்று டாக்டர்கள் சொன்னார்கள். அதை அவர்கள் ஆறுதலாகச் சொன்னார்களா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தம்பி அதைத்தான் பிடித்துக்கொண்டான்.

இறந்தவர்களின் உடலை உறைய வைத்து, மருத்துவம் வளர்ந்த ஒரு காலத்தில் எழுப்பலாம் என்ற நம்பிக்கையில் பாதுகாக்கும் நிறுவனம் ஒன்றில் அவன் அங்கே இருந்தபோதே சேர்ந்திருந்தான். கட்டுநாயக்கவில் விமானம் ஏற்றிவிட்டால் மிச்சத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அதுவரை எங்கள் பொறுப்பு. இதயம் நின்ற உடனே நெஞ்சை அழுத்தி இரத்தத்தை ஓட வைத்துக்கொண்டே உடம்பை ஐஸில் குளிர வைக்க வேண்டும். தாமதமானால் மூளை கெட்டுவிடும், பிறகு உறைய வைத்தும் பிரயோசனமில்லை.

"முழிச்சுப் பாக்கிறப்ப நாங்க ஒருத்தரும் இருக்க மாட்டோமேடா" என்று ஒரு நாள் சோறு ஊட்டும்போது கேட்டேன்.

அப்போது அவனுக்குக் கொஞ்சம் பேச்சு இருந்தது. குழறிக் குழறிச் சொன்னான். "தெரியும்க்கா. ஒண்ணுமே வழியில்லன்னா பேசாம செத்திருப்பேன். ஒரு வழி இருக்குன்னு தெரிஞ்சப்புறம் சும்மா கெடக்க முடியல."

நான் அதை நம்பினேனா? இல்லை. ஆனால் அவன் தொண்டைக்குள் சோறு இறங்க மறுப்பதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு, செய்வதற்கு ஒரு வேலை தேவைப்பட்டது. அலைந்தேன்.

முதலில் எங்கள் குடும்ப டாக்டரிடம் போனேன். யாழ்ப்பாணத்துக்காரர், வயதான பெண்மணி. வீட்டில் இறந்தால் உடனே வந்து பார்த்துச் சான்றிதழ் எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டார். அவர் வராவிட்டால் திடீர் மரண விசாரணை அதிகாரி வருவார், பிரேத பரிசோதனை என்று வெட்டிவிடுவார்கள். அந்தப் பயத்தினாலேயே ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டேன் என்று தம்பி பிடிவாதமாக இருந்தான். இதயம் நின்றதும் இரத்தம் உறையாமலிருக்க ஒரு ஊசி போட வேண்டும் என்று நான் சொன்னபோது டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நான் வாறன், பிள்ளை. ஆனா செத்த ஆளுக்கு ஊசி போடச் சொல்லி என்னட்டக் கேக்காதேங்கோ."

சாவு வீட்டு ஏற்பாடுகளைப் பார்க்கும் மலர்ச்சாலைக்காரரோ, மருந்து ஏற்றிப் பதப்படுத்தாத உடலை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள் என்றார். மருந்து ஏற்றினால் எல்லாம் வீண். விதிவிலக்குக்குக் கொழும்பில் ஒரு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தோம். இன்றைக்கு வா, நாளைக்கு வா என்று அலைக்கழித்தார்கள். என்ன நோய் என்று கேட்டார்கள், எந்த மதம் என்று கேட்டார்கள். கடைசிவரை பதில் வரவில்லை. வந்துவிடும் என்று நம்பி மற்ற ஏற்பாடுகளைச் செய்தேன்.

ஐஸுக்கு அக்குறணையில் ஒரு மீன் முதலாளியைப் பிடித்தேன். கல்யாண வீடா என்று கேட்டார். பொய் சொல்ல நினைத்தேன், வாய் வரவில்லை. உள்ளதைச் சொன்னேன். அவர் தராசைத் துடைத்து ஓரமாக வைத்தார்.

"எங்கட மார்க்கத்துல மையத்த சுணக்கப்படாது தங்கச்சி. வெள்ளென அடக்கிரணும்" என்றார். செத்தவரை வைத்திருக்கக் கூடாது என்பவர் ஐஸ் தரமாட்டார் என்று நினைத்தேன். பிறகு, "ஐஸ் ஈக்கிது. எந்நேரம் வேணுமெண்டாலும் கோல் எடுங்க" என்றார்.

அந்த மழைக்காலத்தில் தம்பிக்குச் சளி நெஞ்சில் இறங்கியது. நாள் கணக்காக மழை விடவில்லை. மின்சாரம் போய்விட்டது. கடுகண்ணாவையில் மண் சரிந்து, விமான நிலையத்துக்குப் போகும் கொழும்புப் பாதை மூடிவிட்டதாகப் பக்கத்து வீட்டு ரேடியோவில் கேட்டேன். தம்பியிடம் சொல்லவில்லை. அவன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். விரலும் போய்விட்டிருந்ததால் கண்ணால்தான் பேச்சு. ஆமாம் என்றால் ஒரு சிமிட்டல்.

"பாதை மூடிட்டாங்கடா" என்று கடைசியில் சொல்லிவிட்டேன். "ஆஸ்பத்திரிக்குப் போவமா? கொஞ்ச நாள் தாக்குப்பிடிச்சா பாதை தெறந்துரும்."

அவன் சிமிட்டவில்லை. கண்ணைத் திறந்தே வைத்திருந்தான். அதிலிருந்து தண்ணீர் வழிந்தது. நான் துடைத்தேன், மறுபடி வழிந்தது.

மத்தியானம் சாப்பாட்டு வேளைக்குப் பிறகு மூச்சு தடுமாறத் தொடங்கியது. கணவர் டாக்டருக்கும் மீன் முதலாளிக்கும் போன் எடுத்தார். அக்குறணை டவுனுக்குள் வெள்ளம், கடைக்குள் தண்ணீர் என்றார் முதலாளி. எங்கள் ஐஸ் போய்விட்டது என்று நினைத்தேன். ஆனால் மேட்டில் இருந்த வீட்டில் கொஞ்சம் எடுத்து வைத்திருந்தார். மலைப்பாதையைச் சுற்றிக்கொண்டு சின்ன லொறியில் தானே வந்தார். அவர் ஐஸ் பெட்டிகளை வாசலில் இறக்கிக்கொண்டிருக்கும்போது டாக்டர் குடையை மடக்கிவிட்டு உள்ளே வந்தார். தம்பியின் மூச்சு அதற்குப் பிறகு அதிக நேரம் இருக்கவில்லை.

டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார். கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். "போயிட்டுது" என்றார்.

மற்ற வீடுகளில் அந்த இடத்தில் அழுவார்கள். நான் தம்பியின் நெஞ்சில் ஏறி அழுத்தத் தொடங்கினேன். கணவர் கழுத்தடியிலும் கக்கத்திலும் தலையைச் சுற்றியும் ஐஸைக் கொட்டினார். எலும்பும் தோலுமாக இருந்தவன். என் உள்ளங்கைக்குக் கீழே விலா எலும்பு ஒன்று முறிந்தது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. நான் நிறுத்தவில்லை. கை ஓய்ந்து நான் தடுமாறியபோது டாக்டர் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முழங்காலிட்டார். "தள்ளு பிள்ளை" என்று சொல்லி அவர் அழுத்தினார். அவர் ஏன் அதைச் செய்தார் என்று நான் பிறகும் கேட்கவில்லை.

தம்பியைத் தாங்கிக்குள் இறக்கியபோது கை நழுவவில்லை.

அதன் பிறகு காத்திருந்தோம். பாதை திறக்கவில்லை. ஐஸ் கரையக் கரைய வாளியால் நீரை இறைத்துவிட்டுப் புது ஐஸ் போட்டோம். முதலாளி இன்னும் இரண்டு தடவை கொண்டுவந்தார், பிறகு அவரிடமும் இல்லை. என் விரல்கள் மரத்துத் தோல் உரிந்தது. சாவு கேள்விப்பட்டு வந்தவர்கள் வாசலிலேயே நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு பெரியவர் மட்டும், "பிள்ளைய இப்படி நனைய விட்டிருக்கியேம்மா" என்றார்.

போனில் சிக்னலும் போய்விட, கணவர் அது கிடைக்கும் இடம் தேடி மேலே தேயிலை மலைக்குப் போய் அந்த நிறுவனத்தோடு பேசிவிட்டு நனைந்து வந்தார். அவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்களாம். இவ்வளவு தாமதத்துக்குப் பிறகு மூளையில் என்ன மிஞ்சியிருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது, அனுப்புவதானால் ஏற்றுக்கொள்கிறோம், முடிவு குடும்பத்தினுடையது என்றார்களாம்.

"நீ சொல்லு" என்றார் கணவர். "நீ எப்படிச் சொல்றியோ அப்படியே செய்வோம்."

தாங்கிக்குள் பார்த்தேன். ஐஸ் தீர்ந்து வெறும் தண்ணீர். தம்பியின் முகம் ஊறி வெளுத்து, அவன் முகமாக இல்லை. ஒருவேளை உள்ளே ஏதோ ஒன்று கெடாமல் இருக்கலாம். அந்த ஒருவேளையை அவன் நம்பி என்னிடம் விட்டுப் போயிருந்தான். என்னால் அதைக் காப்பாற்ற முடியவில்லை.

"போதும்" என்றேன்.

மறுநாள் மலர்ச்சாலைக்காரரின் குளிர் அறையில் வைத்துவிட்டு, அதற்கடுத்த நாள் காலை மஹியாவை மயானத்துக்குக் கொண்டுபோனோம். அங்கே எரியூட்டும் அடுப்பில் வேலை செய்தவர் பெட்டிக்குள் உடலைத் தொட்டுப் பார்த்துவிட்டு என் கணவரைத் தனியாகக் கூப்பிட்டார். "பொடி ரொம்ப கூலா இருக்குங்க. இப்ப போட்டா சரியா எரியாது. கொஞ்சம் வெளிய வெச்சிருங்க" என்றார்.

மண்டபத்தில் பெட்டியின் மூடியைத் திறந்து வைத்துவிட்டு உட்கார்ந்தோம். மழை விட்டு வெயில் வந்திருந்தது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. வாய்விட்டு அழுதேன். அவன் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு, அது சூடாகட்டும் என்று காத்திருந்தேன்.

பிறகு அந்த ஆள் வந்து கூப்பிட்டார். நாங்கள் எழுந்து மூடியைப் போட்டோம்.