ஐந்தரை மணிக்கு அடித்த மிஸ்டு கால்

வெள்ளிக்கிழமை பிற்பகல் 2:10க்குச் சுங்கை சோவில் என் வீட்டு வாசலில் கார் வந்து நின்றது. கோலா சிலாங்கூர் பக்கம், புக்கிட் ரோத்தானைத் தாண்டி எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் இருக்கும் என் தோழி மகேஸ்வரி வீட்டுக்குப் போகிறேன். தூரம் 54 கிலோமீட்டர், கட்டணம் 71 மலேசிய வெள்ளி. கையில் இரண்டு நாள் உடுப்பும் ஒரு டின் முறுக்கும். ஐம்பத்தெட்டு வயதில், வீட்டுப் பாடம் செய்யாமல் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை மாதிரிக் கிளம்பினேன்.

ஏன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மகேஸும் நானும் ராவாங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பதினெட்டு வருடம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள். வேலையை விடுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் இருவரும் பத்து நாள் தியான வகுப்பு ஒன்றுக்குப் போனோம். மூச்சைக் கவனிக்க வேண்டும், தினமும் அரை மணி நேரம், அவ்வளவுதான். பிறகு மகேஸ் கணவரோடு தோட்டத்துக்குக் குடி போனாள். போகும்போது ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். காலை ஐந்தரைக்கு நான் அவளுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். நான் உட்கார்ந்துவிட்டேன் என்று அர்த்தம். அவளும் திரும்ப ஒரு மணி அடிப்பாள். யாரும் எடுக்கக் கூடாது. எடுத்தால் பேச்சு வந்துவிடும், எங்கள் பேச்சு அரை மணியில் அடங்குகிற பேச்சு இல்லை.

ஏழெட்டு மாதம் ஒழுங்காக உட்கார்ந்தேன். பிறகு ஒரு மழைநாளில் படுத்தபடியே மணி அடித்தேன், எழுந்துவிடலாம் என்ற நினைப்பில்தான். அவள் மணி திரும்ப வந்தது. நான் போர்வையை இழுத்துக்கொண்டேன். மறுநாளும் அப்படியே. அப்புறம் அதுவே பழக்கமாகி மூன்று வருடம் ஓடிவிட்டது. நோய் இல்லை, வீட்டில் தொல்லை இல்லை, சாக்குச் சொல்ல ஒன்றுமே இல்லை. வெறும் சோம்பல், அதுதான் கேவலம். மணி அடிப்பதை மட்டும் ஒரு நாளும் விடவில்லை. அலாரம் வைத்து விழித்துப் பொய் சொன்னவள் நான்.

போன மாதம் மகேஸ் போன் செய்தாள். தோட்டத்துப் பெண்கள் பதினொரு பேரைச் சேர்த்துக்கொண்டு சனிக்கிழமைதோறும் தியானம் நடத்துகிறாளாம். சேர்ந்தவர்கள் வீட்டில் தனியாக நான்கு நாள் உட்காருகிறார்கள், ஐந்தாம் நாள் விட்டுவிடுகிறார்கள். “நீ வந்து ஒரு பத்து நிமிஷம் பேசு வசந்தா. மூணு வருஷமா ஒரு நாள்கூட உடாம உக்கார்றவ நீ. ஒன்னைப் பாத்தாலே இவளுங்களுக்குப் புத்தி வரும்லா” என்றாள். அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சரி என்றேன். நேரில் போய், தனியாக இருக்கும்போது அவளிடம் சொல்லிவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டுதான் காரில் ஏறினேன்.

ஓட்டுநர் செல்வத்துக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். குண்டாங் வருவதற்குள் அவருடைய இரத்த அழுத்தம் வரை எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். தியான வகுப்புக்கு என்று சொன்னதும் சிரித்தார். டாக்டர் சொல்லி அவரும் கைபேசியில் தியானச் செயலி ஒன்றை இறக்கினாராம். “அது டெய்லி என்னைக் கூப்டுதுக்கா. நான்தான் போறதில்ல” என்றார். அந்த மனுஷன் எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டார் என்று பொறாமையாக இருந்தது.

3:05க்கு ஈஜோக்கில் தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் ஒரு மாமாக் கடையில் நிறுத்தினோம். இரண்டு தோசை, நுரைக்க ஆற்றிய தே தாரேக் டீ இரண்டு, 8 வெள்ளி 40 காசு. செம்பனைக் குலைகளை ஏற்றிய லோரிகள் சாலையை அதிர வைத்துக்கொண்டு போயின. ஒரு லோரியிலிருந்து விழுந்த குலையைச் சுற்றிக்கொண்டுதான் எங்கள் கார் புறப்பட்டது. அதற்கப்புறம் இரண்டு பக்கமும் செம்பனைதான். இடையில் ஒரு கோயில் கோபுரம், ஒரு தமிழ்ப்பள்ளி, மறுபடியும் செம்பனை.

3:50க்குப் போய்ச் சேர்ந்தேன். தோட்டத் தொழிலாளர்களின் பழைய லயங்களை இடித்துவிட்டுக் கட்டிய வரிசை வீடுகளில் ஓரத்து வீடு. தோட்டத்தில் ஆட்களை மேற்பார்க்கும் மண்டோராக இருந்து ஓய்வு பெற்ற மகேஸின் கணவர் தங்கராஜு வாசலில் நின்று பையை வாங்கிக்கொண்டார். மகேஸ் இளைத்திருந்தாள், முகம் தெளிவாக இருந்தது. என் கையைப் பிடித்து நேராகப் பின்னறைக்குக் கூட்டிப்போனாள். சன்னலோரத்தில் ஒரு பாய், பக்கத்தில் பிளாஸ்டிக் முக்காலி, அதன்மேல் பட்டன் வைத்த பழைய போன் ஒன்று சார்ஜில் கிடந்தது. அவளுடைய நல்ல போன் கூடத்தில் இருக்கிறது. இந்தப் பழையதை எனக்காகவே வைத்திருக்கிறாளாம், என் மணியைத் தவிர வேறு எதுவும் அதில் வராதாம். நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். தலைவலியா என்று கேட்டாள். ஆமாம் என்றேன், அதுவும் பொய்.

மாலை 5:40க்குத் தங்கராஜு எங்களைக் கோலா சிலாங்கூருக்குக் கூட்டிப்போனார். அவர் ஆற்றங்கரையில் மீன் வாங்கப் போய்விட, நாங்கள் இருவரும் மலாவத்திக் குன்றில் நடந்தே ஏறினோம். மேலே வெள்ளைக் கலங்கரை விளக்கம், பழைய பீரங்கிகள், கீழே அலையாத்திக் காடும் அதற்கப்பால் கடலும். சாம்பல் நிறக் குரங்குகள் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தன. குட்டிகள் மட்டும் ஆரஞ்சு நிறம். அவற்றுக்குக் கொடுக்க ஒரு கட்டு பயத்தங்காய் வாங்கினேன், 3 வெள்ளி.

சிமெண்டுப் பலகையில் உட்கார்ந்ததும், மகேஸ், ஒன்னு சொல்லணும் என்று ஆரம்பித்தேன். என்ன என்று திரும்பினாள். அந்த நேரம் பார்த்து ஒரு குரங்கு என் தோளில் ஏறி, தலைமுடியைப் பிடித்துக்கொண்டு பயத்தங்காய்க்குக் கை நீட்டியது. மகேஸ் விழுந்து விழுந்து சிரித்தாள், படம் எடுத்தாள். சிரித்து முடித்து, என்னமோ சொல்ல வந்தியே என்றாள். நாளைக்கு என்ன பேசுவது என்று கேட்க வந்தேன் என்றேன். அந்தக் குரங்கு என்னைக் காப்பாற்றிவிட்டதாக அன்றைக்கு நினைத்தேன். ஐந்து நிமிடம் கழித்து அது இறங்கிப் போய்விட்டது, இருட்டுகிற வரைக்கும் நாங்கள் இருவர் மட்டும்தான் அங்கே இருந்தோம். மிச்சப் பயத்தங்காயை ஒவ்வொன்றாகக் குட்டிகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை காலை 5:25. மகேஸ் எனக்கும் ஒரு பாய் விரித்திருந்தாள். இன்றைக்குப் போன் வேண்டாம், நீதான் பக்கத்திலேயே இருக்கிறாயே என்று சொல்லி அதை அணைத்து வைத்தாள். கண்ணை மூடினோம். பத்தாவது மூச்சுக்குள் முட்டி வலித்தது. காலை மாற்றினேன். கொசு கடித்தது, சொறிந்தேன். அப்புறம் எப்போது தூங்கினேன் என்று தெரியாது. தலை தொங்கித் திடுக்கிட்டு விழித்தபோது பக்கத்து மலாய்க் கம்பத்துப் பள்ளிவாசலிலிருந்து பாங்கு ஓசை வந்துகொண்டிருந்தது. மகேஸ் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். இருபது நிமிடம் நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவள் இப்படி மூன்று வருடம் உட்கார்ந்திருக்கிறாள், நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று நினைத்துக்கொண்டேன். முடிந்ததும், புது இடம், தூக்கம் பத்தாதுதான் என்று அவளே எனக்குச் சாக்கும் சொல்லிக் காப்பி போடப் போனாள்.

8:00 மணி. ஒரு காலத்தில் வேலைக்குப் போகும் தாய்மார்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக் கொட்டகைதான் இப்போது தியானக் கூடம். சிமெண்டுத் தரை, தகரக் கூரை, இரண்டு மின்விசிறிகள். பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். மகேஸ் எழுந்து என்னைப் பற்றிப் பேசினாள். தான் உட்காருவதே இந்த வசந்தாவால்தான் என்றாள். மழையோ காய்ச்சலோ தீபாவளியோ, ஐந்தரை என்றால் இவள் மணி வந்துவிடும் என்றாள். எனக்குத் தரையைப் பார்க்கத்தான் முடிந்தது.

பேச எழுந்தேன். முதுகை நிமிர்த்துவது, முட்டிக்குத் துணி மடித்து வைத்துக்கொள்வது என்று ஏதோ சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தேன். அப்போது கஸ்தூரி என்ற பெண் கை தூக்கினாள். தொழிற்சாலையில் இரவு ஷிப்டு, வீட்டில் இரண்டு கைக்குழந்தைகள். கண்ணெல்லாம் தூக்கம்.

“நீங்க ஒரு நாளாச்சும் எந்திரிக்க முடியாம படுத்திருக்கீங்களாக்கா? எனக்கு மட்டுந்தான் இப்படியான்னு தெரியல.”

அவளிடம் பொய் சொல்ல முடியவில்லை. மூன்று வருடமாக நான் உட்காரவே இல்லை என்றேன். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். எனக்கு உயிர் வந்தது. நான் செய்த பாவமெல்லாம் அதற்கப்புறம்தான். அலாரம் வைத்து எழுந்து, மணி அடித்து, மறுபடி படுத்த கதையைச் சொன்னேன். சிரித்தார்கள். இங்கிருந்து மணி திரும்ப வரும், நான் “சரிடி, நீ உட்காரு” என்று சொல்லிப் போர்வையை இழுத்துக்கொள்வேன் என்று படுத்துக் காட்டுவதுபோல் தலையைச் சாய்த்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கஸ்தூரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்படியென்றால் நானும் மறுபடி ஆரம்பிக்கலாம் என்றாள். மனசு காற்றாகிவிட்டது. இவ்வளவுதானா, இதற்கா இத்தனை நாள் பயந்தோம் என்று நினைத்தேன். அப்போதுதான் மகேஸைப் பார்த்தேன். அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். மற்றவர்கள் பார்க்கிறார்களே என்பதற்காகச் சிரிக்கிற சிரிப்பு அது. பதினெட்டு வருடம் பக்கத்தில் உட்கார்ந்தவளுக்கு அந்த முகம் தெரியாதா?

10:30க்கு வீட்டுக்கு வந்தோம். கூட்டம் நன்றாக நடந்தது என்று தங்கராஜுவிடம் சொன்னாள். அவர் கடைக்குப் போனதும் அடுப்படியில் எனக்குக் கொடுத்துவிட வைத்திருந்த நெத்திலிச் சம்பலை டப்பாவில் போட்டுக்கொண்டே கேட்டாள்.

“எங்கப்பா செத்த மறுநாளு காலைல, வீடு முழுக்கச் சனம். அஞ்சரைக்கு ஒன் மணி வந்திச்சு. வசந்தா உக்காந்துட்டா, நாமும் உக்காருவோம்னு துணி தொவைக்கிற கல்லு மேல போயி உக்காந்தேன். அன்னிக்கும் நீ படுத்துத்தான் கெடந்தியா?”

அவர் இறந்த அன்றே துக்கத்துக்கு வந்துவிட்டுத் திரும்பியிருந்தேன். மறுநாள் காலையிலாவது உட்கார்ந்திருக்கலாம். நான் உட்காரவில்லை.

“ஆமா” என்றேன்.

டப்பாவை மூடினாள். மூடி சரியாக உட்காரவில்லை, திறந்து மறுபடி மூடினாள். “எங்கிட்ட மொதல்ல சொல்லியிருக்கலாம்ல. அவளுங்களுக்கு முன்னால வச்சு” என்றாள். அழவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. நான் மன்னிப்புக் கேட்டேன். இரண்டு முறை கேட்டேன். குன்றின்மேல் சொல்ல வந்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள்.

“இனிமே மணி அடிக்காத வசந்தா. நான் எம்பாட்டுக்கு உக்காந்துக்குவேன். நீ உம்பாட்டுக்கு உக்காரு.”

12:15க்குக் கிளம்பினேன். டப்பாவைக் கையில் கொடுத்தாள், சோறு சாப்பிட்டுவிட்டுப் போ என்றுகூடச் சொன்னாள், பசியில்லை என்றேன். தங்கராஜு என்னைப் புக்கிட் ரோத்தான் கடைத்தெரு வரை கொண்டுவந்து விட்டார். அவருக்கு ஒன்றும் தெரியாது. அடுத்த மாதம் நெல் அறுவடை, தஞ்சோங் காராங் போய்ப் பார்க்கலாம், வந்துவிடு வசந்தா என்றார். திரும்புகிற காரில் 69 வெள்ளி. ஓட்டுநர் ஒரு சீனப் பெண்மணி, வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. அது எனக்கு வசதியாக இருந்தது. அழுதுகொண்டே வந்தேன்.

தோட்டத்தில் ஐந்தரைக்கு ஓர் இலை அசைந்தால் கேட்கும். என் வீட்டில் கொமுட்டர் ரயில் கேட்கும், எதிர்வீட்டு மோட்டார் சைக்கிள் கேட்கும், பக்கத்து வீட்டுக் குழாய் கேட்கும். பரவாயில்லை. திரும்பி வந்த மறுநாளிலிருந்து உட்காருகிறேன். முதல் வாரம் பத்து நிமிடம்தான் முடிந்தது. முகம் கழுவி, விளக்கைப் போட்டு, கட்டிலைவிட்டுத் தள்ளி அடுப்படித் தரையில் சால்வையை மடித்துப் போட்டு உட்கார்ந்தால் தூக்கம் வருவதில்லை. நான்காம் நாள் விட்டுப்போனது. ஐந்தாம் நாள் வெட்கத்தோடு மறுபடி உட்கார்ந்தேன். இப்போது இருபத்தாறு நாள் ஆகிறது, இருபத்தைந்து நிமிடம் வருகிறது. மூச்சு உள்ளே போகிறது, வெளியே வருகிறது. நடுவில் அந்தத் துணி துவைக்கிற கல் வருகிறது. மறுபடி மூச்சுக்குத் திரும்புகிறேன்.

நேற்று மகேஸுக்கு ஒரு செய்தி எழுதினேன். இருபத்துநான்கு நாள் உட்கார்ந்துவிட்டேன், ஒரு நாள்தான் தவறியது என்று எழுதிப் பார்த்தேன். எல்லாம் உண்மை. ஆனால் மூன்று வருடம் நான் அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்ததும் இதைத்தானே, இப்போது எதை வைத்து நம்புவாள்? அனுப்பாமல் அழித்துவிட்டேன். இன்று காலை ஐந்தரைக்கு உட்கார்ந்தேன். அது அவளுக்குத் தெரியாது.