இருட்டு நிமிஷம்

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் உங்கள் இஷ்டம். ‘கதை விடுகிறான்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். அதிகப்படியாக எதைப் பார்த்தாலும் சிவப்பு மையில் அடித்துத் தள்ளுவதுதான் என் பிழைப்பு. இதில் அடிக்க ஒரே ஒரு வரி கிடைத்திருந்தால் முதல் ஆளாக நானே அடித்திருப்பேன். கிடைக்கவில்லை.

நடந்தது என் தங்கை வீட்டுக்காரனுக்கு. ஏ.சி. மெக்கானிக். ஆள் பார்க்க அலமாரி மாதிரி இருப்பான், ஆனால் சின்ன வயதிலிருந்தே இளைப்பு. இன்ஹேலர் இல்லாமல் வாசலைத் தாண்ட மாட்டான். முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்த அன்று என் அலமாரியில் ஒரு ரெக்கார்டைப் பார்த்துவிட்டு, தங்கையிடம் இரண்டு வார்த்தை பேசவே மறந்துபோனவன். அவள் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுவாள்.

அந்த ரெக்கார்டின் பெயர் ‘தண்ணீருக்குள் வெயில்’. நாற்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு ராக் குழு போட்ட ஒரே ஆல்பம். அட்டையில் நாலு பேரின் படம். கிடார் வளைந்து நெளிந்து, குரல் எங்கிருந்தோ மிதந்து வந்து, கேட்கிறவனுக்கே லேசாகத் தலை சுற்றும். அந்தக் காலத்தில் ஈ காக்கை வாங்கவில்லை. குழுவும் கலைந்துவிட்டது. பிறகுதான் எங்களைப் போன்ற கிறுக்கர்கள் அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டோம்.

அதில் இரண்டாம் பக்கத்தில், சரியாகப் பதினோராவது நிமிஷத்தில், எல்லா வாத்தியமும் நின்றுவிடும். எழுபது விநாடிக்கு வெறும் தட்டுகிற சத்தம் மட்டும். டொக்... டொக் டொக்... டொக். தாளத்தில் அடங்காது. ரசிகர்கள் அதற்கு ‘இருட்டு நிமிஷம்’ என்று பெயர் வைத்திருந்தோம். எங்கள் பல் டாக்டர் அதைப் பற்றி மட்டும் பன்னிரண்டு பக்கம் எழுதியவர். ரசிகர்களுக்காக ஒரு சின்னப் பத்திரிகையும் நடத்துகிறார். நாற்பது வருஷம் ஆயிற்றே, அந்தக் குழுவினர் மேதைகளா, இல்லை நாம்தான் ஏமாந்தோமா என்று மறுபடி எடைபோட்டு ஒரு சிறப்பிதழ் கொண்டுவர வேண்டும் என்பது அவர் ஆசை.

அதற்காகத்தான் அங்கே போனோம். அந்த ஆல்பம் பதிவான ஸ்டூடியோ இப்போது ஒரு டைல்ஸ் கம்பெனியின் கிடங்கு. அடுத்த வாரம் இடிக்கப் போகிறார்கள். ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் சாவி கொடுத்தார்கள். டாக்டர், மாப்பிள்ளை, நான். மூன்று பேர்.

எங்களுக்கு ஒரு விதி உண்டு. அந்தக் குழு விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு இருட்டில்தான் வாசிக்குமாம். அதனால் நாங்களும் அப்படியே கேட்போம். போன், பை எல்லாம் வெளியே நடையில். முள் ரெக்கார்டைத் தொட்ட பிறகு யாரும் பேசக் கூடாது, எழுந்திருக்கக் கூடாது, கண்ணைத் திறக்கக் கூடாது. அந்தப் பக்கம் முடிகிற வரை. டாக்டர் ஒருமுறை மூக்கு வரை வந்த தும்மலை விழுங்கிவிட்டு இரண்டு நாள் காதுவலியோடு திரிந்தார். அவ்வளவு பக்தி.

முதல் பக்கம் நல்லபடியாக முடிந்தது. இரண்டாம் பக்கத்துக்கு முன்னால் மாப்பிள்ளை எழுந்தான்.

“மச்சான், நான் அந்த பூத்துக்குள்ள உக்காந்து கேக்குறேன்.”

பூத் என்பது பாடுகிறவர் தனியாக நிற்கிற சின்ன அறை. சுவரெல்லாம் பஞ்சும் துணியும். எங்கள் பக்கம் பார்த்தபடி ஒரு கண்ணாடி, இரட்டைக் கண்ணாடி. கதவு ஒரு சாண் தடிமன்.

“அங்க என்ன இருக்கு?” என்றார் டாக்டர்.

“அந்தத் தட்டுற சத்தம் வாத்தியமே இல்ல டாக்டர். மரக்கதவு சத்தம். இந்த பூத்துலதான் எடுத்திருப்பாங்க. பந்தயம்?”

“என் பன்னெண்டு பக்கத்தையும் தண்ணில போடுறீரே!” டாக்டர் சிரித்தார்.

மாப்பிள்ளை பழைய வயரில் ஒரு ஹெட்ஃபோனைக் கோத்துக்கொண்டு உள்ளே போனான். கதவைத் தோளால் இடித்துச் சாத்தினான். நான் விளக்கை அணைத்தேன். டாக்டர் முள்ளை வைத்தார்.

மணி 3:41.

இனி உள்ளே நடந்ததை அவன் வாயால் கேட்டபடியே சொல்கிறேன்.

ஹெட்ஃபோனை மாட்டினான். காதில் படுகிற இடம் வெதுவெதுப்பாக இருந்தது. இப்போதுதான் யாரோ கழற்றி வைத்த மாதிரி. தன் கைச்சூடு என்று நினைத்துக்கொண்டான். கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று தடவினான். கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஓட்டை. ஓட்டைக்குள் ஒரு திருகாணி. அவ்வளவுதான்.

உள்ளேயிருந்து திறக்க முடியாது.

அப்போதே கத்தியிருக்கலாம், கண்ணாடியைத் தட்டியிருக்கலாம். ஆனால் முள் விழுந்துவிட்டதே! விதியை மீற மனசு வரவில்லை. இருபத்திரண்டு நிமிஷம்தானே, முடிந்ததும் திறப்பார்கள் என்று உட்கார்ந்துவிட்டான். ஊர் உலகத்தில் வேறு எவனாவது இப்படிச் செய்வானா சொல்லுங்கள்!

3:46. நெஞ்சு இறுக ஆரம்பித்தது. நாற்பது வருஷத்துத் தூசி. ஏ.சி. குழாயின் வாயைத் தடவிப் பார்த்தான். செங்கல் வைத்துப் பூசியிருந்தார்கள். அவன் தொழிலே காற்று. இந்த அறைக்குள் காற்று வர வழியில்லை என்பது மற்றவர்களைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும்.

சட்டைப் பையைத் தொட்டான். காலி. இன்ஹேலர் நடையில், பைக்குள்.

3:48. மூச்சு விசில் அடித்தது. வீ... வீ... என்று. அவனுக்குப் பழக்கமான சத்தம்தான். கொஞ்சம் அடக்கிப் பார்ப்போம் என்று மூச்சைப் பிடித்து நிறுத்தினான்.

விசில் நிற்கவில்லை.

வீ... வீ... அவன் முழங்காலுக்குப் பக்கத்தில். தரையோடு தரையாக.

எழுந்து கண்ணாடியில் ஒட்டிக்கொண்டான். எங்கள் பக்கம் பிளேயரின் சின்னச் சிவப்பு விளக்கு மட்டும். அந்த வெளிச்சத்தில் என் முகமும் டாக்டரின் முகமும் மங்கலாகத் தெரிந்தன. கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தோம். கண்ணாடியை அடித்தான். வெளியே கிடார் அலறிக்கொண்டிருந்தது. எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

அப்போதுதான் கணக்குப் போட்டான். 3:52க்கு இருட்டு நிமிஷம். வாத்தியம் எல்லாம் நிற்கும். அப்போது தட்டினால் நிச்சயம் கேட்கும். அதுவரை மூச்சைச் சேமிக்க வேண்டும். நாலு நிமிஷம். நாலே நிமிஷம்.

இருட்டில் ஒளிர்கிற கைக்கடிகார முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றான். பக்கத்தில் அந்த இன்னொரு மூச்சும் காத்திருந்தது.

3:52.

கிடார் நின்றது.

இரண்டு கையாலும் கதவைத் தட்டினான். டொக்! டொக் டொக்! டொக்!

கண்ணாடி வழியாகப் பார்த்தான்.

நான் சிரித்தேன்.

ஆமாம், நான்தான். கண்ணை மூடியபடியே, ‘ஆகா, இந்த அறையில் எவ்வளவு துல்லியமாகக் கேட்கிறது!’ என்று ரசித்துச் சிரித்தேன். டாக்டர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். எங்கள் இரண்டு பேரின் முகத்தையும் பார்த்தபோதுதான் மாப்பிள்ளைக்குத் தான் செய்த தப்பு உறைத்தது. தட்டுகிற சத்தத்தை நாங்கள் எதிர்பார்த்து உட்கார்ந்திருந்த ஒரே நிமிஷத்தில் தட்டியிருக்கிறான்.

கை ஓய்ந்தது.

தட்டல் ஓயவில்லை.

டொக்... டொக் டொக்... டொக்.

ஹெட்ஃபோனிலிருந்து என்று நினைத்தான். அது கழுத்தில் கிடந்தது. எடுத்துக் காதில் வைத்தான். அதற்குள் ஒரு சத்தமும் இல்லை...

தட்டல் பூத்துக்குள்ளேதான்.

கதவின் அடிப்பக்கத்தில்.

விழுந்து கிடக்கிறவன் தட்டுகிற உயரத்தில்.

“யாரு?” என்றான். விசில்தான் வந்தது.

குளிர்ந்த விரல்கள் அவன் கணுக்காலைப் பிடித்தன. இழுக்கவில்லை. பயத்தில் பிள்ளைகள் பிடிப்பார்களே, அப்படி.

3:56. அதற்கு மேல் அவனுக்கு ஒன்றும் தெரியாது.

இனி என் பக்கம்.

இருட்டு நிமிஷம் முடிந்து கிடார் திரும்பவும் வந்தது. அடியில் தட்டல் தொடர்ந்துகொண்டிருந்தது. இத்தனை நாள் இதைக் கவனிக்காமல் விட்டோமே என்று பூரித்துப்போனேன். பாட்டு முடிந்தது. தட்டல் முடியவில்லை. டாக்டரின் கண்ணில் நீர் வழிந்ததாம். “இன்னைக்குத்தான் முழுசா கேக்குறேன்” என்று முணுமுணுத்தார். விதியை அவரே மீறிவிட்டார். நான் கண்ணைத் திறந்தேன்.

முள் தூக்கிக்கொண்டு தன் இடத்தில் படுத்திருந்தது. ரெக்கார்டு நின்றிருந்தது.

டொக்... டொக்... டொக்...

“டாக்டர்... பாட்டு முடிஞ்சிடுச்சு.”

“அப்ப இது?”

ஓடினேன். கைப்பிடியைத் திருகி முழு பலத்தோடு இழுத்தேன். கதவு பெயர்ந்து வந்தது.

“மாப்ள!”

தட்டல் நின்றது. என் இடது தோளை உரசிக்கொண்டு யாரோ அவசரமாக வெளியே போனார்கள். டாக்டர் என்று நினைத்தேன். விளக்கு எரிந்தது. டாக்டர் எதிர்ச்சுவரில், சுவிட்சுப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

மணி 4:06.

மாப்பிள்ளை கதவுக்குப் பக்கத்தில் இல்லை. கோடிச் சுவர் ஓரமாகக் குப்புறக் கிடந்தான். உதடு நீலம். இரண்டு கையும் நெஞ்சுக்கு அடியில் மாட்டியிருந்தன. பத்து நிமிஷமாக அப்படித்தான் கிடந்திருக்கிறான். டாக்டர் பல்லுக்கு மட்டும் வைத்தியம் பார்க்கிறவர் என்று இனி கேலி செய்ய மாட்டேன். இன்ஹேலர், ஊதல், அமுக்கல் என்று என்னென்னவோ செய்து உயிரைத் திருப்பிக் கொண்டுவந்தார். இல்லாவிட்டால் என் தங்கையிடம் நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்!

அந்த ஆல்பத்தைப் பதிவு செய்தவரை மூன்று வாரம் தேடிக் கண்டுபிடித்தோம். வயதானவர். ஒரு நாற்காலி, ஒரு கட்டில், ஒரு பழைய பிளேயர். மூன்று பேரும் போனோம். மாப்பிள்ளை வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டான். இப்போதெல்லாம் அவன் கதவுள்ள இடத்துக்குள் வருவதில்லை.

“குழுவுல எத்தனை பேருன்னு நினைச்சீங்க?”

“நாலு பேர்.”

“அஞ்சு. அஞ்சாவது பையன் மரக்கட்டையில தட்டி வாசிக்கிற வாத்தியக்காரன். அவனுக்கு இளைப்பு.” வாசலில் இருந்தவனை ஒருமுறை பார்த்தார். “பூத்துக்குள்ள தனியா வாசிக்க விட்டோம். லைட்டெல்லாம் அணைச்சாச்சு. கைப்பிடி அவன் கையோட வந்திருக்கு. எங்களுக்கு ஸ்பீக்கர்ல தட்டுற சத்தம் மட்டும்தான் கேட்டுது. ‘புதுசா என்னமோ பண்றான், நிறுத்தாதீங்க’ன்னாங்க. நிறுத்தல. நானும் கேட்டுக்கிட்டு நின்னேன்.”

பிளேயர் மூடியில் இருந்த தூசியை விரலால் துடைத்தார்.

“நல்லா இருந்துச்சு” என்றார்.

முப்பது வருஷமாக ஒரு பையன் சாவதை ரசித்திருக்கிறேன். என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது.

“அதைப் போய் எப்படிங்க ரெக்கார்டுல விட்டீங்க?”

அவர் புரியாமல் பார்த்தார். “விடலையே. என் கையால பிளேடு வச்சு வெட்டினேன். அந்த எழுபது செகண்டுக்கு வெறும் டேப்பை ஒட்டினேன். அவனுக்கு மௌன அஞ்சலி மாதிரி.”

“இல்லங்க, அந்தச் சத்தம் இருக்கு. ஊர் பூரா கேட்டிருக்காங்க.”

“வெட்டினவன் நான்” என்றார்.

நாற்பது வருஷமாகத் தொடாத தன் ரெக்கார்டை எடுத்துப் போட்டார். பதினோராவது நிமிஷம் வந்தது. வாத்தியம் எல்லாம் நின்றது. எழுபது விநாடி... வெறும் மௌனம். டாக்டர் பையிலிருந்த தன் ரெக்கார்டை எடுத்துப் போட்டார். வீட்டுக்கு வந்து நான் என்னுடையதைப் போட்டேன். எதிலும் ஒரு சத்தமும் இல்லை.

இதோடு விட்டிருக்கலாம். ஆனால் டாக்டரின் பத்திரிகைக்குக் கடிதங்கள் வர ஆரம்பித்தன. இதுவரை பதினேழு. யாரும் எங்களுக்குத் தெரிந்தவர்கள் இல்லை, வெவ்வேறு ஊர்க்காரர்கள். என் ரெக்கார்டில் இருட்டு நிமிஷம் கேட்கவில்லையே, தேய்ந்துவிட்டதா என்று கேட்டு எழுதுகிறார்கள்.

பதினேழாவது கடிதத்தை டாக்டர் என்னிடம் கொடுத்துவிட்டார். அதை எழுதியவர் அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தன் வீட்டில் அதே பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தாராம். சரியாக 4:06க்கு, பாதியில், தட்டல் நின்றுபோயிற்றாம். நிற்பதற்கு முன்னால் ரெக்கார்டுக்குள் ஒரு கனமான கதவு பெயர்ந்து திறக்கிற சத்தம் கேட்டதாம். அதோடு ‘மாப்ள’ என்று ஒரு ஆள் அலறினானாம்.

அந்தக் குரல் குழுவில் யாருடையது என்று கேட்டிருக்கிறார்.