என் பக்கத்து பிரேக்

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டருக்கு வாயை விட வலது காலுக்குத்தான் வேலை ஜாஸ்தி. எடது சீட்ல எனக்குன்னு தனியா ஒரு பிரேக் இருக்கு. ரெண்டு பிரேக்கும் ஒரே கம்பில கட்டினது. நான் மிதிச்சா ஓட்டுறவங்க பிரேக்கும் சேர்ந்து கீழ போகும். புள்ள ஓட்டுற வண்டில பக்கத்துல உக்காந்து, இல்லாத பிரேக்கை மிதிச்சு மிதிச்சு கார் மேட்டைத் தேய்ச்சவங்களுக்கு என் பொழப்பு புரியும்.

ஹாரன் அடிச்சாச்சு

எங்க வண்டில ஒருத்தர் ஓட்டும்போது இன்னொருத்தர் பின்சீட்ல உக்காந்து பார்த்துக்கணும். அந்த பேட்ச்ல ரெண்டு பேர். ஒருத்தர் மயிலாப்பூர் ராமசுப்பு மாமா, ஆபீஸ்லேர்ந்து ரிட்டையர் ஆனவர். இன்னொண்ணு ஊரூர் ஒல்காட் குப்பத்துல மீன் விக்கிற தனக்கா. தனக்காவோட லோடு வண்டி டிரைவர் சொல்லாம கொள்ளாம வேலையை விட்டு நின்னுட்டான். லைசென்ஸ் வந்ததும் காசிமேட்டுலேர்ந்து மீனைத் தானே ஏத்திக்கிட்டு வரணும். அப்ப பக்கத்து சீட்ல யாரும் இருக்க மாட்டாங்க.

மொதல்ல மாமா ஓட்டினார். மயிலாப்பூர் கோயில் குளத்துக்குப் பின்னாடி நாலு தெரு கூடுற எடம், சிக்னல் கிடையாது. நைட் ஸ்கூல்ல படிச்சவன்னாலும் ரோடு சட்டத்தை ஒழுங்காப் படிச்சிருக்கேன். அந்த மாதிரி எடத்துல வலது பக்கம் வர்றவங்களுக்கு வழி விடணும். ஆனா இந்த ஊர்ல எந்தப் பக்கம் வர்றவனும் தன்னையே வலது பக்கம்னு நெனச்சுக்கிட்டுத்தான் வர்றான். மாமா வேகத்தைக் குறைக்கல, ஹாரனை அமுக்கிக்கிட்டே நேரா விட்டார். ஸ்கூட்டர்ல ஒரு அம்மா, முன்னாடி கொழந்தை நிக்குது. மிதிச்சேன். கொழந்தை காலுக்கும் எங்க பம்பருக்கும் நடுவுல ஒரு கை நுழையும், அவ்வளவுதான். மாமா மூக்குக் கண்ணாடியைக் கழட்டித் தொடச்சுக்கிட்டே சொன்னார்:

"நான்தான் ஹாரன் அடிச்சேனே, அவா நின்னிருக்க வேண்டாமோ?"

கூடையோட போனா

தி.நகர் உள்தெருவுல தனக்கா முறை. நாலு ரோடு வந்ததும் ஜன்னல் வழியா கையை வெளிய நீட்டி, விரலை விரிச்சுக் காட்டிட்டு, யாரையும் பார்க்காம உள்ள விட்டுடுச்சு. எடது பக்கம் ஆளு தொங்குற ஷேர் ஆட்டோ. நான் மிதிச்ச மிதில மாமா நெத்தி முன்சீட்ல வந்து இடிச்சுது. யாரைக் கேட்டு உள்ள போனீங்கக்கான்னு கேட்டேன். ரொம்ப நியாயமா பதில் வந்துச்சு:

"கூடையோட குறுக்க போனா லாரியே நிக்கும் மாஸ்டர், கார்ல போனா நிக்காதா?"

யார் மிதிச்சது

கொஞ்ச நாள்ல தனக்கா கை தேறிடுச்சு. நாலு ரோடு வந்தா வண்டி அழகா நிக்குது. சைதாப்பேட்டைலேர்ந்து அடையாறு வரைக்கும் ஒரு குலுக்கல் இல்ல. அடுத்த வாரமே டெஸ்ட்டுக்குப் போறேன், மாமாவை என் வண்டில மீன் மார்க்கெட் கூட்டினு போறேன்னு ஒரே குஷி. மாமா சிரிக்கல. பின்சீட்லேர்ந்து எட்டிப் பார்த்ததைச் சொல்லிட்டார். ஒவ்வொரு நாலு ரோட்டுக்கும் முன்னாடி மாஸ்டரோட முட்டிதான் கீழ எறங்கறதாம். பாதி அக்கா, பாதி நான்னு சமாளிச்சுப் பார்த்தேன். தனக்கா வண்டியை ஓரங்கட்டிட்டு என் காலையே பார்த்துச்சு.

"அப்ப இத்தினி நாளா நான் இன்னாதான் மாஸ்டர் ஓட்டிக்கினு இருந்தேன்?"

வூட்ல சொல்டு வந்தியா

மறுநாள் காலைல, நான் காலை எடுத்தாத்தான் சாவியைத் திருப்புவேன்னு தனக்கா உக்காந்துடுச்சு. பிரேக்லேர்ந்து கால் எடுக்கக் கூடாதுங்கறது எங்க மொதலாளி சட்டம். இறங்கிக்கறேன்னு சொன்ன மாமா இறங்கல, கண்ணை மூடிக்கிட்டார். காலை மடிச்சு சீட் மேல வெச்சுக்கிட்டேன். கை மட்டும் ஹேண்ட்பிரேக்ல. அதை இழுத்தா வண்டி உடனே நிக்காதுன்னு எனக்குத் தெரியும், அக்காவுக்குத் தெரியாது.

பெசன்ட் நகர்ல ஒரு நாலு ரோடு. ரெண்டு பக்கமும் கார் நிறுத்தி, என்ன வருதுன்னே தெரியாது. அக்கா கால் இன்னும் ஆக்சிலேட்டர்லதான். நிறுத்தியிருந்த கார் மறைவுலேர்ந்து தண்ணி லாரி மூக்கு வெளிய வந்துச்சு. எங்க வண்டி முன்னாடி ஒரு குனி குனிஞ்சு, குலுங்கி, ஆஃப் ஆகி நின்னுடுச்சு. மிதிச்சது அக்கா. லாரி ஒரசுற மாதிரி போச்சு, டேங்க்ல வழிஞ்ச தண்ணி எங்க கண்ணாடி மேல தெறிச்சுது. டிரைவர் தலையை வெளிய நீட்டி, "இன்னாமே, வூட்ல சொல்டு வந்தியா?"ன்னான்.

தனக்கா கையைப் புடவைல தொடச்சுட்டு, நிதானமா பதில் சொல்லுச்சு:

"சொல்லலப்பா. அதான் நின்னேன்."

இப்ப தனக்கா தனியாத்தான் லோடு அடிக்குது. பெசன்ட் நகர் நாலு ரோட்டுல ஒரு மீன் வண்டி காரணமே இல்லாம நின்னு உங்களை லேட்டாக்கினா, கொஞ்சம் பொறுத்துக்குங்க.