வெளியூர்த் தாகம்

வெளியூர் போவதென்றால் முந்தின நாள் சாயங்காலத்தோடு நான் தண்ணீரை நிறுத்திவிடுவேன். விரதம் ஒன்றும் இல்லை. மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இரண்டு கால்களும் சூம்பிப்போனவள் நான். போக்குவரத்து எல்லாம் சக்கர நாற்காலியில்தான். போகிற இடத்தில் கக்கூஸுக்கு நாலு படி இருக்கும். படி இல்லையென்றால் கதவு குறுகலாக இருக்கும். கதவும் அகலமாக இருந்துவிட்டால், உள்ளே விளக்குமாற்றையும் பினாயில் வாளியையும் போட்டுப் பூட்டி, சாவியை யாராவது வீட்டுக்குக் கொண்டுபோயிருப்பார்கள். எதற்கு வம்பு என்று தொண்டையைக் காயப்போட்டுவிடுவேன். போன வருஷம் சிறுநீரகத்தில் கல் வந்து அருப்புக்கோட்டையில் படுத்திருந்தபோது, "தண்ணியே குடிக்க மாட்டீங்களாம்மா?" என்று டாக்டர் சத்தம் போட்டார். "குடிச்சிட்டு எங்க சார் போறது?" என்று கேட்டேன். அவர் மருந்துச் சீட்டை எழுத ஆரம்பித்துவிட்டார்.

என் வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். எங்கள் ஊர் பரளச்சி பக்கத்து மிளகாயும் மல்லியும் அவர் வண்டியில்தான் சந்தைக்குப் போகும். என்னைக் கூட்டிக்கொண்டு போகிற நாளிலும் வழியில் அவருக்கு டீ வேண்டும். ஆனால் நான் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது என் முன்னால் நின்று குடிக்க மனசு வராது. "டயரப் பாத்துட்டு வாரேன்" என்று இறங்குவார். கடைக்குப் பின்னால் போய்க் குடித்துவிட்டு வருவார். வந்ததும் வண்டிக்குள் ஏலக்காய் மணக்கும். பதினெட்டு வருஷமாக அவர் டயர் பார்க்கிறார். நானும் ஒன்றும் தெரியாதவள் மாதிரி இருக்கிறேன்.

மதுரையில் இருக்கும் என் தங்கை ஒருநாள் போனில் சொன்னாள். "அக்கா, இங்க புதுசா ஒரு கலை மையம் தெறந்திருக்காக. படம், சிலை, நாடகம் எல்லாம் இருக்கு. உள்ள ஒரு படி கெடையாதுக்கா."

"படி இல்லாத கட்டடம் எந்த ஊர்லடி இருக்கு?" என்றேன்.

"வந்துதான் பாரேன்."

எனக்கு நம்பிக்கை இல்லை. கல்யாண மண்டபங்களில் என்னை நாலு பேர் நாற்காலியோடு தூக்குவார்கள், சப்பரத்தில் சாமி புறப்படுகிற மாதிரி. மாலை ஒன்றுதான் பாக்கி. தூக்கி வைத்துவிட்டு நாலு பேரும் கையைத் தட்டிக்கொண்டு சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். உள்ளுக்குள் அப்படியொரு கோபம் வரும்.

என் வீட்டுக்காரருக்கு என்னைவிட நம்பிக்கை குறைவு. மூடை ஏற்றுகிற பலகையை எடுத்து வண்டியில் போட்டுக்கொண்டார். மிளகாய் நெடி ஊறிப்போன பலகை அது. மதுரையில் அந்த மையத்தின் வாசலில் அதை அவர் தோளில் வைத்துக்கொண்டு நிற்க, காவலுக்கு இருந்த பெண் தும்மிக்கொண்டே கேட்டாள். "அண்ணே, இது எதுக்கு?"

"வீட்டுக்காரிய மேல ஏத்தணும்மா."

"எங்கயும் ஏத்த வேண்டியதில்லண்ணே. அவுகளே போயிருவாக." பலகையை வாங்கி வைத்துக்கொண்டு, கைப்பைக்குக் கொடுப்பதுபோல அதற்கும் ஒரு டோக்கன் கொடுத்தாள்.

வாசல் தரையும் உள்தரையும் ஒரே மட்டம். வந்திருந்த மற்றவர்கள் படம் பார்க்கப் போனார்கள். நான் நேராகக் கக்கூஸைப் பார்க்கப் போனேன். கதவு ஒரு தள்ளில் திறந்தது. உள்ளே நாற்காலியை முழுசாக ஒரு சுற்றுச் சுற்ற முடிந்தது. இரண்டு பக்கமும் கைப்பிடி, கைக்கு எட்டுகிற தாழ்ப்பாள். வெளியிடத்துக் கண்ணாடிகளில் எனக்கு என் நெற்றிப்பொட்டு தெரிந்தாலே பெரிய விஷயம். இதில் கழுத்துச் சங்கிலி வரைக்கும் தெரிந்தது. விளக்குமாறு எங்கேயாவது இருக்கிறதா என்று மூலை மூலையாகத் தேடினேன். இல்லை. அப்படியும் சந்தேகம் தீராமல் தண்ணீர் குடிக்காமலேயே வெளியே வந்தேன்.

ஒரு அறை முழுக்கக் கரிக்கட்டையால் கட்டிய சுவர். தொட்டுப் பார்க்கலாம் என்று அறிவிப்பு அட்டையில் எழுதியிருந்தது, கண் தெரியாதவர்களுக்காகப் புள்ளி எழுத்திலும். என் வீட்டுக்காரர் ஒரு கட்டையைத் தடவிப் பார்த்தார்.

"இது சீமைக் கருவேலங் கரியாச்சே! நம்ம பக்கத்துச் சரக்குதான். நாப்பது மூடை தேறும்." அவர் முகத்தில் அப்படியொரு பெருமை, ஏதோ அவரே சுட்டது மாதிரி.

அறை அறையாக நானே உருட்டிக்கொண்டு போனேன். பிடித்ததன் முன்னால் நின்றேன், பிடிக்காததைத் தாண்டினேன். தள்ளுகிறவர் நிற்கிற இடத்தில் நின்று, அவர் பார்ப்பதையே பார்த்துப் பழகியவளுக்கு அது பெரிய சந்தோஷம். பாதிப் படங்கள் புரியவில்லை. புரியாததையும் என் இஷ்டத்துக்கு நின்று பார்த்தேன்.

பின்பக்கம் ஒரு கேண்டீன் இருந்தது. மேசைக்கடியில் என் முழங்கால் இடிக்காமல் நுழைந்தது. ஏலக்காய் வாசம் வந்தது. என் வீட்டுக்காரர் இரண்டு தரம் தொண்டையைச் செருமினார். பிறகு எழுந்தார்.

"வண்டி டயரப் பாத்துட்டு வாரேன்."

"ஏங்க," என்றேன். "எனக்கும் சேத்து ஒரு டயரு பாத்துட்டு வாங்க."

அவர் நின்றுவிட்டார். திருட்டுத்தனம் வெளியான முகம் முதலில் வந்தது. அப்புறம்தான் நான் என்ன கேட்டேன் என்பது புரிந்தது. "குடிப்பியா?" என்றார். இரண்டு டம்ளர் டீயும் ஒரு பெரிய பாட்டில் தண்ணீரும் வாங்கிவந்தார். எதிரெதிரே உட்கார்ந்து குடித்தோம். கண் கலங்கிவிட்டது எனக்கு; டீ சூடு என்று சொல்லிவைத்தேன். பாட்டிலையும் நானே காலி செய்தேன்.

கிளம்புவதற்குள் மூன்று முறை போய்வந்தேன். மூன்றாவது முறை வெளியே வந்தபோது அவர் டோக்கனைக் கொடுத்துப் பலகையை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு நின்றார்.

"என்ன புள்ள, வயிறு கியிறு சரியில்லையா?"

"அதெல்லாம் நல்லாத்தான் இருக்கு," என்றேன். "போக முடியுதேன்னு சும்மா போனேன்."