சனிக்கிழமைக் காற்று

எங்கள் காரில் டிரைவருக்குப் பக்கத்து சீட்டின் முன்னால் தரையில் கிடக்கும் மிதியடி வலது ஓரத்தில் மட்டும் தேய்ந்து வெளுத்திருக்கும். என் கணவரின் வலது கால் செய்த வேலை அது. இருபத்தைந்து வருஷம் கொடைக்கானலில் டாக்ஸி ஓட்டிய மனிதர். அடுத்தவர் ஓட்டும் வண்டியில் ஏறினால் வளைவுக்கு வளைவு தரையை மிதித்து இல்லாத பிரேக்கைப் போடுவார். ராத்திரி பஸ்ஸில் மதுரைக்குப் போனாலும் கண்ணை மூட மாட்டார். டிரைவர் தூங்கிவிடாமல் இவர்தான் பார்த்துக்கொள்கிறார் என்று நான் கேலி செய்வேன்.

அப்படிப்பட்டவர் என் பக்கத்தில் உட்கார வேண்டி வந்தது. முதுகுத் தண்டில் ஆபரேஷன் ஆகி, இனி கொஞ்ச காலம் ஸ்டீயரிங்கைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நாற்பத்தாறு வயதில், நான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்து மைதானத்திலேயே கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். வாராவாரம் சனிக்கிழமை பேத்துப்பாறையிலிருந்து வத்தலக்குண்டுக்குப் போய் வர வேண்டும். அங்கே முதுகுக்குப் பயிற்சி கொடுப்பவர் ஒருவர் இருந்தார். ஆறு மாதம் விடாமல் செய்தால் இரண்டாவது ஆபரேஷன் தேவைப்படாது, விட்டால் உறுதி சொல்ல முடியாது என்று மதுரை டாக்டர் சொல்லியிருந்தார்.

போவதில் கஷ்டமில்லை. திரும்பி வருவதுதான் கஷ்டம். மூன்றாவது வாரம் வீட்டு வாசலில் இறங்கியவர் கதவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே நின்றார்.

"அங்க நிமித்தி அனுப்புறாங்க. வீடு வர்றதுக்குள்ள ரோடு மடக்கிப் போட்டுருது. விட்ரு, போதும்" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. உண்மையில் அது கோபமில்லை, பயம். பயம் வந்தால் எனக்குக் குரல் உயர்ந்துவிடும். காரணம் ரோடு இல்லை, அவர் ஆசைப்பட்டு மாட்டிய வீல்தான் என்று கத்தினேன். அந்தக் கார் பதினான்கு அங்குல இரும்பு வீலோடு வந்தது. அவர் அதைக் கழற்றிவிட்டுப் பதினாறு அங்குல அலாய் வீல் போட்டிருந்தார். வீல் பெரிதானால் அதைச் சுற்றியிருக்கும் ரப்பரின் உயரம் குறையும். ரப்பர் குட்டையாக இருந்தால் வளைவில் டயர் சாயாது, ஸ்டீயரிங்கைத் தொட்டதும் வண்டி திரும்பும். மலைச்சாலையில் அது பெரிய சௌகரியம். ஆனால் ஒரு சின்னக் கல்லில் ஏறினாலும் அந்தக் குத்து நேராக முதுகுக்கு வந்துவிடும். பழையபடி சின்ன வீலும் உயரமான டயரும் மாட்டலாம் என்றேன். வீலில் கைவைக்கிற பேச்சே வேண்டாம் என்று முடித்துவிட்டார். வீல் அழகில் அவருக்கு இருந்த மோகம் என்றுதான் நினைத்தேன். நடக்க முடியாத நிலையிலும் இந்த மனுஷனுக்கு ஜம்பம் போகவில்லையே என்று மனசுக்குள் திட்டினேன்.

அதனால் திருட்டுத்தனமாக ஒரு காரியம் செய்தேன். தாண்டிக்குடிப் பக்கம் எஸ்டேட் ஜீப்காரர்கள் கல் பாதையில் இறங்கும் முன்னால் டயரில் காற்றைக் குறைப்பதைப் பார்த்திருக்கிறேன். காற்றுக் குறைந்தால் குலுக்கல் குறையும். சனிக்கிழமை வெள்ளனே எழுந்து, அவர் பல் தேய்க்கப் போன நேரத்தில், ஒரு ஆணியால் வால்வை அழுத்தி இருபது எண்ணினேன். நான்கு டயருக்கும் அப்படியே. அந்த ஜீப்காரர்கள் ஆள் நடக்கிற வேகத்தில்தான் இறங்குவார்கள் என்பதை மட்டும் நான் கவனித்ததில்லை.

வண்டி மெத்தென்று போனது. ஆனால் வளைவுகளில் ஸ்டீயரிங் கனத்தது. திருப்பினால் ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் திரும்பியது. அவர் கதவுக்கு மேலே இருக்கும் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தார். வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை, மெதுவாகப் போ என்றார். வலியை மறைக்கிறார் என்று முடிவு கட்டி, அடுத்த வாரம் முப்பது எண்ணினேன். அவர் கைப்பிடியை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

வத்தலக்குண்டில் அவரைப் பயிற்சிக்கு விட்டுவிட்டு, பக்கத்திலேயே பஞ்சர் கடை வேப்பமரத்தடியில் காரை நிறுத்திச் சாவியை என் கணவரிடமே கொடுத்துவிட்டு நான் மார்க்கெட்டுக்குப் போவேன். திரும்பி ஏறும்போது வண்டி மறுபடி கல்லுமாதிரி குதிக்கும். ஏற்றம் என்றால் அப்படித்தான் போலிருக்கிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஐந்து வாரம் இப்படிப் போனது.

ஒருநாள் நான்காம் வகுப்பில் வகுத்தல் கணக்கு போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு தொட்டியில் நூறு குடம் தண்ணீர், தினமும் இருபது குடம் எடுத்தால் எத்தனை நாளில் காலியாகும் என்று கேட்டேன். அஞ்சு நாள் டீச்சர் என்று வகுப்பே கத்தியது. சாக்பீஸைப் பிடித்தபடி நான் நின்றுவிட்டேன். வாராவாரம் டயரிலிருந்து காற்றை எடுக்கிறேன், நான் ஒருநாளும் திரும்ப அடைக்கவில்லை. அந்தக் கார் எப்போதோ தரையில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை மார்க்கெட்டுக்குப் போகிற மாதிரி போய், அரை மணி நேரத்தில் திரும்பிவிட்டேன். பயிற்சி முடிந்து அவர் கார் பக்கத்தில் நின்றிருந்தார். கடைக்காரர் காற்றுக் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். இவர் ஒரு கையால் பானட்டைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் குனிந்து, முன் டயரில் காற்று அளக்கும் குச்சியை வைத்துக்கொண்டிருந்தார். எதைச் செய்யவே கூடாது என்று டாக்டர் சொன்னாரோ அதைத்தான் செய்தார். முகம் வியர்த்து வழிந்தது.

கையிலிருந்த பையைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன். நடுரோடு என்றும் பார்க்காமல் திட்டினேன். அவர் பொறுமையாக நிமிர்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்.

"மொத நாளே சன்னல்ல பாத்தேன். குளுருல குத்தவச்சு உக்காந்து எண்ணிக்கிட்டிருந்த. எனக்காகத்தான செய்யுது, என்னத்தச் சொல்றதுன்னு விட்டுட்டேன்."

"அப்ப வலிக்குதுன்னு தெரிஞ்சே எதுக்குங்க காத்து அடைச்சீங்க?"

"காத்துக் கொறஞ்ச வண்டி வளைவுல ஒன் பேச்சக் கேக்காது. ஏறும்போதாவது சரியா இருக்கட்டும்னு பாத்தேன். வீல மாத்த விடாததும் அதுக்குத்தான். நீ புதுசா ஓட்டுற. ஒனக்கு ஒண்ணுன்னா நான் நிமிந்து நடந்து என்ன பண்ணப் போறேன்?"

ஐந்து வாரமாக அந்தக் கைப்பிடியை அவர் பிடித்திருந்தது வலியால் இல்லை, எனக்காகப் பயந்து. நான் அதைப் பார்த்துப் பார்த்து இன்னும் காற்றைத் திறந்துவிட்டிருக்கிறேன். அவர் சட்டைக் காலரைச் சரிசெய்கிற சாக்கில் கொஞ்ச நேரம் அவரைத் தொட்டுக்கொண்டு நின்றேன்.

அன்றைக்கே டயர் கடைக்குப் போனோம். பதினான்கு போடுங்கள், மெத்தென்று இருக்க வேண்டும் என்றேன் நான். பதினாறே இருக்கட்டும், நல்ல டயராக மாற்றிக்கொடுங்கள், இவள் கைக்கு வண்டி அடங்க வேண்டும் என்றார் அவர். ஒரே வண்டிக்குத்தானே வந்திருக்கிறீர்கள் என்று கடைக்காரர் சிரித்தார். பதினைந்து அங்குல இரும்பு வீலும், கொஞ்சம் உயரம் கூடிய டயரும் எடுத்து வைத்தார். குழியில் விழுந்தால் ரப்பர் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், வளைவில் ரொம்பவும் சாயாது, ஆனால் கதவோரம் ஒட்டியிருக்கும் அட்டையில் போட்ட அளவுக்குக் காற்று இருக்க வேண்டும் என்றார். கடைசிப் பேச்சை என்னைப் பார்த்துத்தான் சொன்னார். எங்கள் கதை அதற்குள் அவருக்கு எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

திரும்பும்போது காட்ரோடு ஊரைத் தாண்டி முதல் வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பினேன். வண்டி லேசாக ஆடிவிட்டு, நான் சொன்ன பக்கம் திரும்பியது. உடைந்த தார் வந்தது, குத்து வந்தது, அந்தக் குத்தில் பாதி டயரோடு நின்றுவிட்டது. டம்டம் பாறை வரைக்கும் அவர் கை கைப்பிடியில்தான் இருந்தது. அதற்குப் பிறகு வளைவு வளைவாக வந்ததில் நான் ரோட்டை மட்டும்தான் பார்த்தேன்.

ஊத்து என்கிற ஊருக்குப் பக்கத்தில் ஒரு லாரிக்கு ஒதுங்கி நின்றபோதுதான் திரும்பிப் பார்த்தேன். தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. கை மடியில் கிடந்தது. வலது கால் மிதியடியில் சும்மா கிடந்தது. அந்த மனுஷன் தூங்கிக்கொண்டிருந்தார்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொண்டுதான் வண்டியை எடுத்தேன். பெருமாள்மலையில் எப்போதும் டீக்கு நிறுத்துவோம், அன்று நிறுத்தவில்லை. பேத்துப்பாறை வந்து, வாசலில் வண்டியை நிறுத்தினேன். சத்தம் நின்றால் விழித்துவிடுவார் என்று இன்ஜினை அணைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.