மணியடித்த கணக்கு மெஷின்

எங்கள் மாமா, அம்மாவின் தம்பி, நடுவட்டம் பக்கம் நாங்கள் இருந்த தேயிலை எஸ்டேட்டிலேயே ஆபீஸ் கிளார்க். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் கணக்கு மெஷினைச் சாக்கில் சுற்றி, கைக்குழந்தையைப் போல எங்கள் லைன் வீட்டுக்குத் தூக்கிவந்தார். கூட்டல் தப்பாக வருகிறதாம். கழற்றிப் பார்க்க அவருக்கு வெளிச்சமான வாசல் வேண்டும். எடுபிடிக்கு நான் வேண்டும்.

மூடியைக் கழற்றினார். உள்ளே சக்கரங்கள் வரிசையாக நின்றன. வேண்டிய எண்ணை வைத்துக் கைப்பிடியை முன்பக்கம் ஒரு சுற்றுச் சுற்றினால் கூடிக்கொள்ளும், பின்பக்கம் சுற்றினால் கழிந்துபோகும். ஒரு சக்கரம் ஒன்பதைத் தாண்டும்போது ஒரு சின்னப் பல் வந்து பக்கத்துச் சக்கரத்தை ஓர் எண் தள்ளிவிடும். அவ்வளவுதான் விஷயம். மாமா ஒருமுறைதான் சொன்னார். எனக்கு அது போதும். நான் அப்போதே அப்படித்தான்.

சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மாமா, இந்தப் பல்லு பக்கத்துச் சக்கரத்தைத் தொடவே மாட்டேங்குதுங்க" என்றேன்.

குனிந்து பார்த்தார். அழுக்கு கெட்டியாக அடைந்திருந்தது. துடைத்துத் தையல் மெஷின் எண்ணெய் விட்டதும் சரியாக ஓடியது. மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. நேரே உள்ளே போய் அப்பாவிடம் நின்றார்.

"மச்சான், இவளை மூணாவதோட நிறுத்த வேண்டாமுங்க. ஊட்டியில கான்வென்ட் சிஸ்டருங்ககிட்டப் பேசிட்டேன். ஹாஸ்டல்ல சேத்துக்கறாங்களாம்."

"சின்னவனை ஆரு பாக்கறது? உங்கக்கா இலை பறிக்கப் போவோணும். வேணும்னா உம்பட மெஷினை விட்டுட்டுப் போ மாப்ள, அது தொட்டில் ஆட்டட்டும்."

அப்பா சொல்லிவிட்டுச் சிரித்தார். அடுப்படியில் அம்மா பாத்திரம் துலக்கும் சத்தம் நின்றது. பிறகு மறுபடியும் கேட்டது.

மாமா வாசலுக்கு வந்து மெஷின் முன்னால் உட்கார்ந்தார். மெஷினில் எல்லாம் சுழியமாக இருந்தது. ஒன்றை வைத்துக் கைப்பிடியைப் பின்பக்கம் சுற்றினார். டிங் என்று மணியடித்தது. வரிசை முழுக்க ஒன்பதாக நின்றது.

"ஒண்ணுமில்லாத எடத்துல இருந்து எடுத்தா இப்பிடித்தான் கண்ணு, மணியடிக்கும்" என்றார்.

நான் இப்போதும் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறேன். கணக்கில் மட்டும் என்னை ஏய்க்க யாராலும் ஆகாது. அன்றைக்கு அந்த ஒன்பதுகளைப் பார்த்துக் கைதட்டிக் குதித்தேன். தொட்டிலில் கிடந்த தம்பியைத் தூக்கிவந்து காட்டினேன். இத்தனை பெரிய எண் நமக்கு வந்திருக்கிறதே, மாமா ஏன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு மூடியை மாட்டுகிறார் என்றுதான் எனக்கு விளங்கவில்லை.