என்னைப் பார்த்து நின்றுபோனவர்கள்

எனக்குப் பக்கவாதம் வந்துவிட்டது என்ற செய்தி பரவியபோது எங்கள் குடியிருப்பில் யாரும் முதலில் நம்பவில்லை. "எந்த அக்காவுக்கு? வாக்கிங் அக்காவுக்கா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்களாம். சென்னீர்குப்பத்தில் பெங்களூர் நெடுஞ்சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளியிருக்கிறது எங்கள் குடியிருப்பு. அங்கே எனக்கு அதுதான் பெயர்.

அந்தப் பெயர் சும்மா வந்ததில்லை. என் அப்பாவும் சித்தப்பாவும் ஐம்பதைத் தாண்டுவதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டவர்கள். முப்பத்தைந்து வயதில் எனக்கு அந்தப் பயம் பிடித்தது. அன்றிலிருந்து காலையில் இருட்டுப் பிரியும்போதே கிளம்பி, சர்வீஸ் ரோடு வழியாக வேலப்பன்சாவடிப் பக்கம் போய்த் திரும்புவேன். வெள்ளைச் சர்க்கரையை வீட்டுக்குள் விடவில்லை. கம்பு, ராகி, சாமை என்று சமைத்தேன். நான் வேலை பார்த்த பொறியியல் கல்லூரி அலுவலகத்தில் யாருடைய பிறந்தநாள் கேக்கும் என் மேஜைக்கு வராது. குடியிருப்புப் பெண்களைச் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தேன். தினமும் நடந்து முடித்ததும் அதில் ஒரு படம் போட்டு, தூங்குகிறவர்களை எழுப்புவேன். கொஞ்சம் தொல்லைதான். ஆனாலும் வந்தார்கள்.

அவர்களில் எனக்கு நெருக்கமானவள் குடியிருப்புக்குள் இருப்பவள் அல்ல. பின்சந்தில் இருப்பவள். பூந்தமல்லி கடைத்தெருவில் தையல் கடை வைத்திருக்கிறாள். நான் ரவிக்கை தைக்கக் கொடுத்துப் பழக்கமானது. என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவள். சர்க்கரை நோய் இருந்தது. அளவெடுக்கும்போதே, "நாளைக்குக் காலையில என்கூட வா" என்றேன். அதிகாலைத் தொழுகையை முடித்துக்கொண்டு, முக்காட்டை இழுத்துச் செருகியபடி, சந்து முனையில் நிற்பாள். தெருநாய்களுக்குப் பயந்து என் முழங்கையைப் பிடித்துக்கொண்டே நடப்பாள். ஒரு நாள் மருத்துவரிடம் போய்விட்டு நேராக என் வீட்டுக்கு வந்து, "எக்கா, டாக்டரம்மா மாத்திரைய கொறைச்சிட்டாங்க. எல்லாம் உன்னாலதான்" என்றாள். அன்று எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

கல்லூரியில் சேர்க்கை நடந்துகொண்டிருந்த ஜூன் மாதம் அது. ஒரு மாணவனின் அப்பாவிடம் பேசிக்கொண்டே தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். திரையில் பாதி எழுத்துகள்தான் வந்தன. குனிந்து பார்த்தால் என் இடது கை விசைப்பலகையை விட்டு நழுவி மடியில் கிடந்தது. வேறு யாருடைய கையோ என் மடியில் கிடப்பது போலத்தான் தோன்றியது. எழ முயன்று அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தேன்.

கழுத்தில் ஓடும் ரத்தக் குழாயின் உட்புறம் கிழிந்து, அங்கே உறைந்த ரத்தம் மூளைக்குப் போய் அடைத்துவிட்டது என்றார்கள். நாக்குக் குழற, "நான் என்ன தப்பு பண்ணினேன் டாக்டர்?" என்று கேட்டேன். அவர் நல்ல மனிதர். என் கையைத் தட்டிக்கொடுத்து, "நீங்க எந்தத் தப்பும் பண்ணலைம்மா. சிலருக்கு இப்படி ஆகும்" என்றார்.

ஆறுதலாகச் சொன்னது என்று தெரிகிறது. ஆனால் அதைவிட மோசமான பதிலை அவர் சொல்லியிருக்க முடியாது. தப்பு இருந்தால் திருத்திக்கொள்ளலாம். தப்பே இல்லாதவள் எதைத் திருத்துவது?

இருந்தாலும் அப்போது நான் விடவில்லை. வீட்டுக்கு வந்து பிசியோதெரபி செய்தவர் சொன்னதையெல்லாம் செய்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு விரலை விரித்தேன், காலைத் தூக்கினேன். என் கணவர் அதுவரை எந்த உடற்பயிற்சியையும் திரும்பிப் பார்க்காதவர். "நீ எனக்கும் சேத்து நட, நான் உனக்கும் சேத்து சாப்பிடறேன்" என்று கேலி செய்கிற ஆள். அவர் அலுவலகத்தில் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி வாங்கி, கூட்டங்களுக்கு நடுவே என் காலைப் பிடித்து நீட்டி மடக்கினார். பொங்கலுக்கு முன்பே ஊன்றுகோலுடன் வீட்டுக்குள் நடந்தேன். இடது கை திறக்கவில்லை. பரவாயில்லை, கால் வந்துவிட்டதே என்று இருந்தது.

முதல் முறையாக வெளியே நடக்கப் போன அன்று தையல்கடைக்காரியைத்தான் துணைக்குக் கூப்பிட்டேன். என் பழைய பாதையிலேயே போகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். அவள், "உள்ளாற சுத்துனா போதும்க்கா, ரோடெல்லாம் நோண்டிப் போட்டு கீது" என்றாள். நான் கேட்கவில்லை. சர்வீஸ் ரோட்டு டீக்கடை வரைக்கும் போய்விட்டோம். கடைக்காரர் என்னைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டார். பதிலுக்குச் சிரித்தேன். அந்த நொடியில் என் இடது பாதம் பெயர்ந்து கிடந்த நடைபாதைக் கல்லில் தட்டியது. அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள். என் கனத்தில் அவளும் சேர்ந்து சாய்ந்தாள்.

இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. தகடு வைத்துத் திருகாணி முடுக்கினார்கள்.

இந்த முறை வீட்டுக்கு வந்தபோது எனக்குள் எதுவும் மிச்சமில்லை. பிசியோதெரபி செய்பவர் வந்தால் தூங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொண்டேன். சில வாரம் கழித்து அவரை வரவேண்டாம் என்று சொல்லச் சொன்னேன். கணவர் மன்றாடினார், கோபப்பட்டார், பிறகு ஓய்ந்துபோனார். ஒரு மாலை, "பஜ்ஜி வாங்கிட்டு வாங்க" என்றேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு போய் வாங்கி வந்தார். இருவரும் கட்டிலில் உட்கார்ந்து செய்தித்தாளில் எண்ணெயை ஒற்றி ஒற்றித் தின்றோம். பத்து வருடத்துக்கு மேல் தொடாத பண்டம். ருசியாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது. கம்பும் ராகியும் டப்பாவில் வண்டு வைத்தன. மாத்திரையை அவர் கையில் கொடுத்தால் விழுங்குவேன். கொடுக்க மறந்தால் கேட்க மாட்டேன்.

என் உடம்பின் மேல் எனக்குக் கோபம்கூட இல்லை. ஏமாற்றிவிட்டுப் போன உறவுக்காரரோடு ஒரே வீட்டில் இருப்பது போல அதனுடன் இருந்தேன். பேச்சுவார்த்தை கிடையாது.

குடியிருப்பின் கீழ்த்தளத்தில் ஒரு குழந்தைக்குப் பிறந்தநாள் வந்தது. கணவர் என்னைச் சக்கர நாற்காலியில் வைத்துக் கூட்டிப்போனார். ஒரு தூணுக்குப் பின்னால் என்னை நிறுத்திவிட்டு, தட்டு வாங்கி வரப் போனார். தூணுக்கு அந்தப் பக்கம் என்னோடு நடந்த பெண்கள் இருவர் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"நீ இப்பல்லாம் வாக்கிங் போறதில்லையா?"

"எதுக்கு? அந்த அக்காவப் பாரு. கூழும் களியும் குடிச்சுட்டு, ஒரு நாள் விடாம நடந்தாங்க. என்ன ஆச்சு? இருக்கிற வரைக்கும் நல்லா சாப்பிட்டுட்டுப் போவோம்."

"பாவம், நல்ல அக்கா."

அவர்கள் குரலில் துளி ஏளனம் இல்லை. உண்மையான வருத்தம் இருந்தது. அதனால்தான் தாங்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து வெகுநாள் திறக்காத அந்த வாட்ஸ்அப் குழுவைத் திறந்து பார்த்தேன். நான் விழுந்ததற்குப் பிறகு, எனக்காகப் பிரார்த்திக்கச் சொன்ன செய்திதான் அதில் கடைசி. கைகூப்பும் படங்கள் வரிசையாக இருந்தன. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. வருடக்கணக்கில் வாயாடி வாயாடி நான் நடக்க வைத்தவர்களை, ஒரு வார்த்தை பேசாமல் நானே உட்கார வைத்துவிட்டேன்.

தையல்கடைக்காரி மட்டும் வரவே இல்லை. நான் விழுந்தபோது என் கையைப் பிடித்திருந்தவள் அவள். அந்தக் கூச்சத்தில் ஒதுங்கியிருக்கிறாள் என்று நினைத்தேன். போன் செய்தாலும் இரண்டு வார்த்தையில் வைத்துவிடுவாள்.

மழைக்காலம் தொடங்கிய பிறகு ஒரு மத்தியானம் அழைப்புமணி அடித்தது. கணவர் கதவைத் திறக்க, அவள் தன் அண்ணியின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வலது பாதத்தில் பெரிய கட்டு. அண்ணி அவளை என் கட்டிலருகே உட்காரவைத்துவிட்டு, மருந்துக்கடைக்குப் போய் வருவதாகச் சொல்லிக் கிளம்பினார்.

"கால்ல என்னம்மா?" என்றேன்.

"ஒண்ணும் இல்லக்கா. செருப்பு கடிச்சுது. பாக்காம உட்டுட்டேன். புண்ணு பெர்சாயி, கட்டை வெரல எடுத்துட்டாங்க."

கடைக்கு வந்தவளிடம் ரவிக்கை இன்னும் தைக்கவில்லை என்று சொல்வது போலச் சொன்னாள்.

"சர்க்கரை நல்லா குறைஞ்சிருந்ததே?"

"அப்போ கொறைஞ்சுது. நீ உழுந்தப்புறம் நான் நடக்கப் போவல. மாத்திரையும் சரியா போடல. டீக்கு சக்கரை போட்டுகினு, பிரியாணி துன்னுகினு..." தலையைக் குனிந்துகொண்டாள். "உன்னைப் பாத்தேன்க்கா. அவ்ளோ ஒழுங்கா இருந்த உனக்கே இப்டின்னா, எனக்கு இன்னா இருக்குதுன்னு உட்டுட்டேன்."

தூணுக்குப் பின்னால் கேட்டதையே இவள் என் முகத்துக்கு நேராகச் சொல்கிறாள். ஆனால் இவளுடைய விரல் போய்விட்டிருக்கிறது.

"ஏன் எல்லாரும் என்னையே சாக்கு சொல்றீங்க?" என்று கத்திவிட்டேன். கணவர் அடுத்த அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "நான் என்ன உங்க எல்லாருக்கும் நடையை நிறுத்தறதுக்கு வச்ச போர்டா?"

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "சாக்கு இல்லக்கா, பயம். அல்லா மேல சத்தியமா பயம்தான்" என்றாள். அப்புறம் என் கட்டிலை, தலையணை ஓரத்தில் இருந்த முறுக்குப் பொட்டலத்தை, சுவரில் சாத்தியிருந்த ஊன்றுகோலைப் பார்த்தாள். "நீ ஏன்க்கா உட்டுட்டே? டாக்டர் நடக்கக் கூடாதுன்னாரா?"

"நடக்கலாம்னுதான் சொன்னார்."

"அப்புறம்?"

முறுக்குப் பொட்டலத்தைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டு, "நானும் என்னைப் பாத்துத்தான் நிறுத்திட்டேன்" என்றேன். சொன்ன பிறகுதான் அது உண்மை என்று தெரிந்தது. அவள் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை.

"எனக்கு காலை ஊனவே கூடாதுன்னுட்டாங்க" என்றாள் முகத்தைத் துடைத்துக்கொண்டே. "உன்னை நடன்னு சொல்றாங்க, நீ படுத்துகினு கீறே. எந்திரிக்கா. கொஞ்சூண்டு நட. நான் சும்மா பாக்கறேன்."

நடக்கும் ஆசையில் நான் எழவில்லை. அவள் முகத்தைப் பார்த்து மறுக்க முடியவில்லை, அவ்வளவுதான். கணவர் வெளியே நடைவழியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு அவளை உட்காரவைத்தார். என்னைத் தூக்கி நிறுத்தினார். பல மாதம் கிடந்த கால், ஊன்றியதும் நடுங்கியது. எங்கள் வாசலிலிருந்து பக்கத்து வீட்டு வாசல் வரைக்கும்கூடப் போகவில்லை. தொடை பற்றி எரிந்தது. திரும்பி வந்து சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினேன். முன்பு வேலப்பன்சாவடி வரை வேர்க்காமல் போய்வந்த உடம்பு. "மாஷா அல்லா" என்றாள் அவள். எனக்கு அதைக் கேட்க வெட்கமாக இருந்தது.

அதற்குப் பிறகு அவள் முடிந்த நாட்களில் வந்தாள். அண்ணி ஆட்டோவில் கொண்டுவந்து விடுவார். அவள் நாற்காலியில் கட்டுப்போட்ட காலை ஸ்டூல் மேல் நீட்டி உட்கார்ந்திருப்பாள். நான் நடப்பேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்தால், எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு மெல்லச் சாத்திக்கொள்வார்கள். எங்களைப் பார்த்து யாரும் மறுபடி நடக்கத் தொடங்கவில்லை. கணவர் வண்டு வைத்த தானியத்தைக் கொட்டிவிட்டுப் புதிதாக வாங்கி வந்தார். அவர் வைத்த கம்பங்கூழ் கட்டி தட்டியிருந்தது. குடித்தேன். பஜ்ஜியும் முழுதாக நிற்கவில்லை.

புதிதாகப் போன மருத்துவமனையில், கையில் வரவேண்டிய முன்னேற்றம் பெரும்பாலும் முதல் வருடத்திலேயே வந்துவிடும் என்றார்கள். அந்த வருடத்தில் பாதியை நான் கண்ணை மூடிப் படுத்தே கழித்திருந்தேன். கால் மட்டும் இன்னும் கொஞ்சம் பலப்படலாம், மறுபடி விழாமல் இருக்க உதவும் என்றார்கள். அவ்வளவுக்குத்தான் இனி இந்த நடை. நீண்ட ஆயுளுக்கு அல்ல, ஆரோக்கியத்துக்கு அல்ல. குளியலறை வரை போய் வர.

கார்த்திகை பிறந்ததும் அவள் வருவது நின்றது. புண் ஆறாமல் மேலே ஏறிவிட்டது. அரசு மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். பாதத்தில் பாதியை எடுக்கவேண்டி வரலாம் என்று அண்ணி சொன்னார். நானும் படுத்துவிட்டேன். கணவர் அலுவலகத்துக்குப் போகத் தொடங்கியிருந்தார்; பகலெல்லாம் தனியாக இருந்தேன்.

ஒரு முற்பகல் அவளிடமிருந்து போன் வந்தது. பின்னால் தள்ளுவண்டிச் சத்தமும் யாரோ யாரையோ கூப்பிடும் சத்தமும் கேட்டன.

"இன்னாக்கா, நடந்தியா?"

"நடந்தேன்."

"எவ்ளோ?"

"லிஃப்ட் வரைக்கும்."

"நல்லது. வுடாத. நாளைக்கு எனக்கு ஆபரேசன். துஆ பண்ணு, எனக்காக வேண்டிக்க."

வைத்துவிட்டாள். நான் அன்று கட்டிலை விட்டு இறங்கியிருக்கவில்லை. விழுந்த பிறகு லிஃப்ட் வரை ஒரு நாளும் நடந்துபோனதில்லை.

போனைத் தலையணை மேல் போட்டேன். அவளிடம் பொய் சொன்னது உறுத்தியது. ஊன்றுகோலை எடுத்தேன். கதவைத் திறந்து, செருப்புப் போடாமல் நடைவழியில் இறங்கினேன். வலது பக்கச் சுவரோடு ஒட்டி, நின்று நின்று போனேன். நடுவழியில் இடுப்புத் தகடு இருக்கும் இடம் குத்தியது. திரும்பிவிடலாம் என்றும் தோன்றியது. போய் லிஃப்ட் கதவைக் கையால் தொட்டேன். உடம்பு லேசாகவில்லை, மனமும் லேசாகவில்லை. திரும்பி வந்து வேர்வையோடு படுத்துக்கொண்டேன்.

மறுநாள் அவளை அறுவைக்குக் கொண்டுபோன நேரத்தில் நான் எழவில்லை. அதற்கடுத்த நாள் நடந்தேன்.